அமலோற்பவம் சமாளிப்பார்

நான்காவது மறுப்புக் கடிதம் வந்தபோது அமலோற்பவம் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பும் கட்டில்மேல்தான் இருந்தது. அன்று பௌர்ணமி. காலை பத்து மணிக்கே கடல் வாசற்படி ஏறி, கூடத்தைக் கடந்து, சமையலறை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு நண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன் கடிதத்தை மகிழ்ச்சியான குரலில் படித்தது.

"மதிப்பிற்குரிய திருமதி அமலோற்பவம் பர்னாந்து அவர்களே. மேட்டுக் குடியிருப்பில் வீடு கேட்டு நீங்கள் அனுப்பிய மனு பரிசீலிக்கப்பட்டது. உங்கள் மனத்திண்மை எண் தொண்ணூற்றொன்று. தற்போதைய சூழ்நிலையை நீங்கள் சமாளிப்பீர்கள். வாழ்த்துகள்."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். ஐம்பத்தேழு வயது. சங்குமுனைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவனின் படகு திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மூன்று புயல், ஒரு முட்டி ஆபரேஷன். ஒரே மகள் மெல்போர்னுக்குப் போய் இங்கிலீஷில் கனவு காண ஆரம்பித்திருந்தாள். எதற்கும் அமலோற்பவம் உட்கார்ந்து அழுததில்லை. அழ நேரமிருந்ததில்லை என்பதுதான் நிஜம். காதுக்குப் பின்னால் கடுகளவில் ஒட்டியிருக்கும் மணிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மனசு அடிபட்டால் எத்தனை சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது என்பதை மட்டும் அது அளந்தது. அளந்ததை நூற்றுக்கு இத்தனை என்று, வீடு ஒதுக்குகிற அரசு வாரியத்துக்கு அனுப்பியது.

எண் முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மேட்டில் வீடு. பர்னாந்து தெருவில் இருந்த முப்பத்தாறு குடும்பங்களில் முப்பத்தைந்தும் ஏறிப் போய்விட்டன. மிச்சம் அவளும் நண்டும்.

பழைய பக்கத்து வீட்டுக்காரி பெர்பெத்துவா இருபத்து மூன்று எண் வாங்கி மேட்டுக்குப் போனவள். போன கையோடு அங்கே ஒரு வகுப்பும் ஆரம்பித்திருந்தாள். எண்ணைக் குறைக்கப் பயிற்சி. அமலோற்பவம் ஒரு சனிக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க மதினி," என்றாள் பெர்பெத்துவா. "உங்களுக்கு நடந்ததுலயே மோசமான நாள நெனச்சுப் பாருங்க. அதுக்குள்ளயே முங்குங்க. மேல வரப்பிடாது."

"எந்த நாளு? வரிசையா இருக்கே."

"ஏதாவது ஒண்ணு. அண்ணன் படகு வராத நாளு."

அமலோற்பவம் கண்ணை மூடினாள். அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கூடவே படகில் போன மற்ற நாலு பேர் வீட்டுக்கும் அவள்தான் போய்ச் சொன்னாள். தெருவில் யாருக்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டியிருந்தாலும் அவளைத்தான் அனுப்புவார்கள். அதிலொரு வீடு பெர்பெத்துவாவின் அக்கா வீடு.

அவள் கண்ணைத் திறந்தபோது பெர்பெத்துவா தேம்பிக்கொண்டிருந்தாள். பயிற்சிக்காக இல்லை, உண்மையாகவே. அமலோற்பவம் எழுந்து போய் அவள் முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, வகுப்பில் இருந்த மற்ற ஆறு பேரையும் தேற்றி, எல்லாருக்கும் காப்பி போட்டுவிட்டு வீடு திரும்பினாள். வழியில் போன் சொன்னது: "உங்கள் எண் தொண்ணூற்று மூன்றாக உயர்ந்துள்ளது. பெருமைப்படுங்கள்."

திங்கட்கிழமை அவள் வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்கே போனாள்.

புகார்ப் பிரிவில் ஒரே ஒரு மேஜை. அதன் பின்னால் நாற்பத்தைந்து வயதுள்ள ஒல்லியான மனிதர், திருமலைக்கொழுந்து. மேஜைமேல் ஒரு பலகை: 'இவரது எண் பதினொன்று. குரலை உயர்த்துவது தண்டனைக்குரிய குற்றம்.' புகார் கேட்க இப்படி ஒருவரை உட்கார வைத்தது வாரியத்தின் சாமர்த்தியம். எத்தனை கொதிப்போடு வந்தவரும் பலகையைப் பார்த்ததும் கிசுகிசுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அமலோற்பவமும் மெதுவாகத்தான் பேசினாள். "தம்பி, எங்க வீட்டுக்குள்ள கடல் வருது."

"தெரியும்க்கா. மனுவுல பாத்தேன். மாசம் ரெண்டு தடவ."

"பின்ன ஏன் வீடு தர மாட்டேங்கிறீங்க?"

"வீடு கொஞ்சம்தான் இருக்கு. யாரால தாங்க முடியாதோ அவங்களுக்கு மொதல்ல. பத்துப் பேரு தண்ணியில விழுந்தா நீச்சல் தெரியாதவனத்தான மொதல்ல தூக்கணும்?"

"நீச்சல் தெரிஞ்சவளுக்கும் கை வலிக்குமே தம்பி."

கொழுந்து அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "இது சட்டத்துல இல்லக்கா. ஆனா நியாயமா இருக்கு. மறுசோதனை வேணா பண்ணிப் பாப்போம்."

பக்கத்து அறையில் அவளை உட்கார வைத்து, கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அதில் செய்திகள் வரும், நிஜம் போலவே இருக்கும், மனசு என்ன பாடுபடுகிறது என்று மணி அளக்கும் என்றார். முதல் செய்தி: உங்கள் வீடு தீப்பிடித்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. ஈரம் காயும்," என்றாள் அமலோற்பவம்.

இரண்டாவது: உங்களுக்கு வேலை போய்விட்டது.

"முட்டிக்கு ரெஸ்ட் வேணும்னு டாக்டரே சொன்னாரு."

மூன்றாவது செய்தி அவள் மகளைப் பற்றியது. அவள் கண்ணாடியைக் கழற்றி, போனை எடுத்து, மகளை அழைத்து, குரலைக் கேட்டுவிட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்தாள். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி.

"தொண்ணூற்று நாலு," என்றார் கொழுந்து வருத்தத்தோடு. "நீங்க இப்பிடி உடனே போய் ஏதாவது செஞ்சிரக் கூடாதுக்கா. செய்யச் செய்ய ஏறும்."

"செய்யாம எப்பிடி இருக்கது?"

"அது எனக்கும் தெரியாது. எங்க அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா கெடந்த அன்னைக்கு எனக்கு மணி ஒட்டினாங்க. பதினொண்ணு வந்துச்சு. இருபதுக்குக் கீழ வந்துட்டா மணி எண்ண அனுப்புறத நிறுத்திரும், மறுசோதனையும் கெடையாது, அதிர்ச்சி ஆகாதுன்னு. பத்து வருஷமா பதினொண்ணுதான்."

அதனால் என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவர் ரகசியம் மாதிரி சொன்னார். மேலதிகாரி அவரைத் திட்டியதே இல்லை. போனில் சதுரங்கம் ஆடினால் அவர்தான் ஜெயிப்பார். டீக்கடைக்காரர் வடை இல்லை என்று சொல்லக் கூடாது என்பதால், அவர் தலை தெரிந்தாலே ஆளை விட்டு எங்கிருந்தாவது வரவழைப்பார்.

"ராஜ வாழ்க்கைன்னு சொல்லு," என்றாள் அமலோற்பவம்.

"ராஜாவுக்கு யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்கல்லக்கா."

பகல் ஒரு மணி ஆயிற்று. அவர் போன் ஒலித்தது. "அம்மா," என்றார். "தெனமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாங்க, அம்பாசமுத்திரத்துலருந்து." டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே போனை மேஜைமேல் வைத்துப் பேசினார்.

"சாப்பிட்டியாப்பா?" வயதான பெண்குரல். "நான் நல்லாயிருக்கேன். இங்க நல்ல மழை. சளி பிடிக்காமப் பாத்துக்கோ."

"சரிம்மா."

"உன் இஷ்டம்போல இரு. வச்சிரட்டா?"

அமலோற்பவம் ஜன்னலைப் பார்த்தாள். வைகாசி மாத வெயில் தாரைக் கொப்பளிக்க வைத்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் அவளோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். ஆற்றில் தண்ணீர் இல்லை என்று முந்தாநாள்தான் புலம்பினாள்.

அவளுக்கு இதே மாதிரி வேறொரு போன் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் அந்தோணிப்பிச்சை என்று ஒருவர். எண் பதினைந்து. அவர் தம்பி விபத்தில் இறந்த பிறகு ஒன்றரை வருஷம் அந்தத் தம்பி வளைகுடாவிலிருந்து அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசியது வாரியம் செய்த குரல்; செய்தி ஒத்திவைப்பு என்று அதற்குப் பெயர். எண் இருபதுக்கு மேல் ஏறுகிற வரைக்கும் துக்கச் செய்தி சொல்லக் கூடாது. யாராவது சொன்னால் ஆறு மாதம் சிறை. கிரேன் மேடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அமலோற்பவமும்தான். செய்தி சொல்கிற வேலையில் அவள் தவறவிட்ட ஒரே வீடு அது. ஞாபகம் வந்தபோதெல்லாம் வாய் கசக்கும்.

ஒரு வாரம் யோசித்தாள். ஜெயிலில் குறைந்தபட்சம் தரை காய்ந்திருக்கும் என்பது வரை யோசித்தாள். அடுத்த திங்கட்கிழமை ஒரு டப்பா மக்ரூன் பலகாரத்தோடு வாரிய அலுவலகத்தில் நின்றாள்.

"மறுபடியும் சோதனையாக்கா?" என்று கொழுந்து அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய், இயந்திரத்தைப் போட்டார். பிறகு மக்ரூனைப் பார்த்தார். "இதுல முட்டை உண்டுல்லா?"

"வெள்ளக்கரு மட்டும். அய்யோ, நீங்க சைவமா?"

"இன்னைக்குத் தெரியாத மாதிரி வச்சுக்கிடுதேன்," என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

செய்தி சொல்வதற்கு அமலோற்பவத்திடம் ஒரு முறை இருந்தது. ஆளை உட்கார வைக்க வேண்டும். கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுக்க வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. அவரை உட்கார வைத்தாள். டம்ளரைக் கொடுத்தாள்.

"தம்பி. உங்க அம்மா உயிரோட இல்ல. தெனமும் பேசுறது வாரியத்துக் குரலு."

கொழுந்து தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்க்கா," என்றார்.

அமலோற்பவத்தின் முறையில் இதற்கு இடமில்லை.

"எப்பலருந்து?"

"கார்த்திகையிலருந்து. ஆறு மாசமாச்சு. வேலைய விட்டுரலாமான்னு பாக்கேம்மான்னு சும்மா ஒரு நாள் சொன்னேன். 'உன் இஷ்டம்ப்பா'ன்னாங்க. எங்க அம்மா எனக்குச் சட்டை கலரக்கூட என் இஷ்டத்துக்கு விட்டதில்லக்கா. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. இவரைக் கண்டதும் தெருவே கதவைச் சாத்தியது. ஓடத் தாமதமாகிப் போன எதிர்வீட்டுக்காரர் மட்டும், அம்மா காசிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடியே அழுதிருக்கிறார்.

"நேரா ஆத்துக்குப் போனேன். படித்துறையில ஒருத்தர் இருந்தாரு, மொட்ட போட்டுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லி எள்ளும் தண்ணியும் விட்டேன். என்னைக்குப் போனாங்கன்னே தெரியாது, அதனால நாளைச் சொல்லல. திங்கக்கிழம ஆபீசுக்கு வந்தேன்." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "மொட்டத் தலையப் பாத்து யாரும் ஏன்னு கேக்கக் கூடாதுல்ல. சட்டம். அதனால எல்லாரும், 'புது ஸ்டைலு நல்லாருக்கு சார்'ன்னாங்க. மேலதிகாரி கைதட்டினாரு."

"பின்ன ஏம்ப்பா அந்தப் போன எடுக்க?" 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நிறுத்தச் சொன்னா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிரும். யாரு சொன்னதுன்னு தெருவையே விசாரிப்பாங்க. அந்த எதிர்வீட்டுக்காரருக்கு எழுபத்தெட்டு வயசு. அதோட…" மக்ரூன் டப்பாவை மூடினார். "குரலு நல்லாத்தான் இருக்கு. மழைன்னு சொல்லும்போது அப்பிடியே அம்மாதான்."

மொட்டைத் தலையோடு ஒரு ஆள் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்க, சுற்றி நின்று கைதட்டுகிற ஒரு காட்சி அமலோற்பவத்தின் கண்ணுக்குள் நின்றது. தேற்ற வேண்டும், எழுந்து போய் முதுகைத் தடவ வேண்டும். ஆனால் இவருக்குத் தேற்ற எதுவுமில்லை. எல்லாவற்றையும் இவர் தனியாக முடித்துவிட்டார். அவளுக்குச் செய்ய வேலையே இல்லை. செய்ய வேலை இல்லாததால் அவள் அழுதாள்.

முதலில் அவருக்காகத்தான். பிறகு அந்தோணிப்பிச்சைக்காக. பிறகு படகுக்காக, அன்று சொல்லப் போன நாலு வீட்டுக்காக, அந்த நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தபோது அவளிடம் சொல்ல யாருமே வரவில்லை என்பதற்காக. பதினோரு வருஷம் வரிசையில் நின்றது ஒட்டுமொத்தமாக வந்தது. முந்தானை போதாமல் மேஜையில் இருந்த அரசாணை ஒன்றை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

கொழுந்து பழக்க தோஷத்தில் இயந்திரத்தின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது. அறுபத்தொன்று. நாற்பத்து நாலு. மெல்ல நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா," என்றார் தயக்கத்தோடு. "முப்பத்திரண்டு வந்துட்டு. இன்னும் ரெண்டு நிமிசம் அழுவீங்களா? முப்பதுக்குக் கீழ ஒரு நிமிசம் நின்னா பதிவாயிரும்."

அமலோற்பவத்துக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கக்கா, ஏறுது. முப்பத்தஞ்சு. படக நெனைங்க."

"படகு முடிஞ்சுபோச்சு."

"அப்ப என் மொட்டைய நெனைங்க."

அது வேலை செய்தது. இருபத்தொன்பதில் பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டு பேரும் கவனிக்காதது ஒன்று. அந்த அறையிலிருந்த இயந்திரம் உள்ளே இருக்கும் எல்லா மணிகளையும் படிக்கும். தாய் இறந்த செய்தியைக் கேட்டு நாலு விநாடியில் நிலைக்கு வந்த ஒரு மனசையும் அது படித்திருந்தது. சாயங்காலத்துக்குள் திருமலைக்கொழுந்தின் எண் எண்பத்தெட்டு ஆகிவிட்டது. எப்படி என்று வாரியத்தில் யாரும் விசாரிக்கவில்லை. எண் ஏறினால் விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை.

மறுநாள் காலை மேலதிகாரி அவரை அழைத்து, பத்து வருஷத் திட்டையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே "வடை தீந்துட்டு" என்றார். போன் சதுரங்கத்தில் கொழுந்து ஒன்பதே நகர்த்தலில் தோற்றார். அவருக்கு மீசைக்கடியில் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மணிக்குப் போன் ஒலித்தது. வேறு குரல். "உங்கள் தாயார் திருமதி ஆவுடையம்மாள் சென்ற ஐப்பசி பதினெட்டாம் தேதி இயற்கை எய்தினார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம்." அவர் தேதியைத் தாளில் குறித்துக்கொண்டார். அன்று டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மணிக்குப் போன் வரவேயில்லை.

அந்த வாரக் கடைசியில் அமலோற்பவத்துக்கு வீடு வந்தது. மேட்டுக் குடியிருப்பு, மூன்றாம் பிளாக், முதல் மாடி. கொழுந்துக்கும் ஒரு கடிதம் வந்தது. வாரிய ஊழியர் குடியிருப்பு முப்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மாற்று வீடு அமலோற்பவம் காலி செய்ததுதான்: பர்னாந்து தெரு, கதவு எண் ஏழு. 'சமீபத்தில் காலியானது. நல்ல காற்றோட்டம்.'

அவர் சண்டை போடவில்லை, ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. வீட்டுக்கு மனுப் போடுகிறவர்களின் மனசை அளப்பதற்குப் பதில் வீட்டுக்குள் வரும் தண்ணீரை அளக்கலாமே என்று வாரியத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நீச்சல் தெரிந்தவளுக்கும் கை வலிக்கும் என்ற வாக்கியம் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. பதில் உடனே வந்தது. 'உங்கள் யோசனை பரிசீலனையில் உள்ளது. உங்கள் எண் எண்பத்தெட்டு. நீங்கள் காத்திருக்கக் கூடியவர். வாழ்த்துகள்.'

அமாவாசை காலையில் அமலோற்பவம் மேட்டிலிருந்து இறங்கிப் பார்க்கப் போனாள். கொழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில், ஃபைல்களைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

"ஒதவி வேணுமா தம்பி?" என்றாள் வாசலிலிருந்து. கேட்கும்போதே பதில் தெரியும். அந்தத் தெருவில் எல்லாரும் எப்போதும் சொல்லி வந்தது ஒன்றுதான்: வேண்டாம், பாத்துக்கிடுதேன்.

"வேணும்க்கா," என்றார் கொழுந்து. "நெறைய வேணும். மொதல்ல இதப் பிடிங்க, கழுத்து போச்சு."

அமலோற்பவம் ஃபைல்களை வாங்கிக்கொண்டாள். எத்தனை லேசாகச் சொல்லிவிட்டார். பத்து வருஷம் எல்லாரும் தாங்கித் தாங்கி வைத்திருந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம். இரண்டு பேருமாகக் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றினார்கள். அடுப்பை எங்கே வைக்க வேண்டும், வாசலில் மணல்மூட்டையை எந்தக் கோணத்தில் போட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு அங்க ஏதாவது வேணுமாக்கா?"

"எனக்கு என்ன, நான் பாத்து…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஒரு அலமாரி இருக்கு. இரும்பு. தப்பான செவத்துல வச்சிட்டுப் போய்ட்டானுவ. தனியா நகத்திப் பாத்தேன். முடியல."

கடைசி வார்த்தை வெளியே வர நேரமாயிற்று. வந்ததும், அவள் எதிர்பார்த்த மாதிரி எதுவும் இடிந்து விழவில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின, அவ்வளவுதான்.

அவள் போன் ஒலித்தது. "உங்கள் மனத்திண்மை எண் முப்பத்து மூன்றாக உயர்ந்துள்ளது. வீட்டு ஒதுக்கீடு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும். வாழ்த்துகள்."

இருவரும் போனையே பார்த்தார்கள்.

"முடியலன்னுதான சொன்னேன். அதுக்கா ஏறுது?"

"முடியலன்னு சொன்னதும் மனசு அடங்கிருச்சு போலக்கா. இத்தன சீக்கிரம் அடங்கினா மெஷினுக்கு அது தெம்புதான்." கொழுந்து தலையைச் சொறிந்தார். "மறுபரிசீலனைக்கு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள தண்ணிய அளக்கச் சொல்லி ரெண்டு பேருமாச் சேர்ந்து மனுப் போடுவோம். நான் எழுதுதேன், நீங்க கையெழுத்துப் போடுங்க. பெர்பெத்துவா அக்காவையும் கூட்டிக்கிடலாம்."

அமலோற்பவம் சேலையை உதறிவிட்டு மதிலிலிருந்து இறங்கினாள்.

"எழுதலாம். மொதல்ல வந்து அலமாரிய நகத்து. வீட்டத் திருப்பி எடுக்கணும்னா அவங்களே வந்து அத சொமக்கட்டும்."